கூண்டுக்குள் சாப்பிடப் பழகிய பூனைகள்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று உலகம் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மணி கிடக்கட்டும், பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு யார் செய்வது? நாலு கட்டடமும் நடுவில் ஒரு வெட்டவெளியும் நூத்திச் சொச்சம் வீடுகளுமாக இருந்த அந்தக் குடியிருப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தாள். அவள் ஒரு தையல்காரி.

இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே அவள் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு இஸ்திரிப் பெட்டி. இதற்கு மேல் ஒரு ஆள் உள்ளே வந்தால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டும். புதுத் துணி தைக்க மாட்டாள். ஆல்ட்டரேஷன் மட்டும்தான். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்து விடுவது, கால் நீளத்தை மடித்துத் தைப்பது. "புதுசு தைக்க ஆயிரம் பேர் இருக்காங்க. ஊதுனவங்களுக்கும் இளைச்சவங்களுக்கும் நான் ஒருத்திதான்" என்பாள். வாய் கொஞ்சம் நீளம். கையும் சுத்தம், மனசும் சுத்தம், ஆனால் வாயை மட்டும் யாரும் அளவெடுத்துச் சுருக்கவில்லை.

நாற்பத்தாறு வயது வரைக்கும் அவளுக்குப் பூனை என்றால் மூடாத பாலைக் குடிக்கிற பிராணி, அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் காலையில் கடையைத் திறந்தால், வெட்டுத் துணி போடுகிற அட்டைப் பெட்டிக்குள் ஒரு தெருப்பூனை ஆறு குட்டி போட்டுவிட்டு இவளையே முறைத்துக்கொண்டிருந்தது. என்னவோ இவள்தான் அதன் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் வந்துவிட்ட மாதிரி. விரட்டலாம் என்று விளக்குமாற்றை எடுத்தாள். எடுத்த கையோடு அதைச் சாத்திவிட்டுப் போய்ப் பால் வாங்கி வந்தாள். ஏன் என்று கேட்டால் இன்று வரைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அதே வாரம்தான் டீச்சர் கடைக்கு வந்தார். கண்ணாடி போட்ட கணக்கு டீச்சர், புதிதாக ஓய்வு பெற்றவர், அதே குடியிருப்பில் மூன்றாவது கட்டடம். இளைத்துப்போன இடுப்புக்குப் பாவாடையைப் பிடிக்கக் கொடுக்க வந்தவர், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சாக்பீஸ் கொடும்மா" என்று வாங்கி, துணி வெட்டுகிற பலகையிலேயே கணக்குப் போட்டார். இந்த ஆறில் மூன்று பெட்டை, வருஷத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நாலு குட்டி, அதில் பாதி பிழைத்தால் என்று எழுதிக்கொண்டே போய்ப் பலகை தீர்ந்துவிட்டது. "நாலாவது வருஷம் இந்தக் கடையில உனக்கு நிக்க இடம் இருக்காது" என்றார். தையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் பயம் வந்தது.

அப்படி ஆரம்பித்த சிநேகம் அது. ஆறு வருஷம். விலங்கு க்ளினிக்குக்கு அலைந்து, கம்பிக் கூண்டு எப்படி வைப்பது என்று கற்று, தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடிக்கான ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டார்கள். ஆபரேஷன் ஆன பூனைக்கு மயக்கத்திலேயே இடது காது நுனியை நேராக வெட்டிவிடுவார்கள், மறுபடி பிடித்துக் கத்தி வைக்கக்கூடாதே என்று அடையாளத்துக்கு. முப்பத்தொரு பூனைக்குக் காது வெட்டியாயிற்று. சிலது செத்தது, சிலது வேறு தெருவுக்குப் போனது, மிஞ்சியது பதினாலு. புதிதாக ஒரு குட்டி பிறக்கவில்லை.

பேர் வைப்பதில் இருவருக்கும் போட்டி. தையல்காரி முதுகில் நேர்க்கோடு இருந்ததை ஜிப் என்பாள், வயிற்றோரம் பித்தான் துளை மாதிரிச் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்ததைக் காஜா என்பாள். டீச்சர் பாதி கறுப்பு பாதி வெள்ளையாக முகம் கொண்ட ஒன்றுக்குப் பின்னம் என்று வைத்தார். கண் திறக்காத குட்டியாகச் சாக்கடை ஓரம் கிடந்ததை ஊசி மருந்துக் குழாயில் பால் ஊட்டி வளர்த்தவர் அவர்தான். அதனால் பின்னத்துக்கு டீச்சர் மட்டும்தான் மனுஷி, மற்றவர்கள் எல்லாம் நடமாடும் தூண். பெரிய மீசைக்காரக் கடுவனுக்கு மட்டும் இருவரும் ஒத்துப்போய் இன்ஸ்பெக்டர் என்று வைத்தார்கள். ஊருக்குள் தையல்காரிக்கும் பேர் மாறிவிட்டது. "இருபது வருஷமா ஜிப் மாத்தறேன், ஒருத்தரும் என்னை ஜிப்பம்மான்னு கூப்பிடல. நாலு பூனையைப் பிடிச்சதும் பூனையம்மாவாம்!" என்று புருஷனிடம் அங்கலாய்ப்பாள். அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர், அதிகம் பேசாதவர். "எனக்கு இன்னும் கம்பியப்பான்னு பேர் வரல, அது வரைக்கும் சந்தோஷம்" என்பார்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தடவை கூண்டில் மாட்டிய பூனை மறு தடவை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. ஊசியோ வருஷா வருஷம் போட வேண்டும். இதற்குத் தையல்காரி ஒரு வழி கண்டுபிடித்தாள். குடியிருப்பின் பம்ப் ரூமுக்குப் பின்னால் மூன்று கூண்டுகளை நிரந்தரமாக வைத்தாள். கதவு விழாதபடி துணி நாடாவால் தூக்கிக் கட்டினாள். தினமும் காலை மாலை தட்டைக் கரண்டியால் தட்டி, சாப்பாட்டைக் கூண்டுக்குள்ளேயே வைத்தாள். ஒரே மாதத்தில் பூனைகளுக்குக் கூண்டு சாப்பாட்டு அறை ஆகிவிட்டது. ஊசி நாளில் மட்டும் நாடாவை அவிழ்த்தால் போதும். க்ளினிக் டாக்டர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "கெட்டிக்காரத்தனம்தான். ஆனா தெருப்பூனைக்குக் கூண்டுன்னா பயம் இருக்கணும்மா. அதுகிட்ட இருக்கறதே அந்த ஒரு பாதுகாப்புதான்." தையல்காரி காதில் வாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் தன் மூளையில் உதித்த ஒரே புது யோசனை, அதைப் போய்க் குறை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

குடியிருப்புச் சங்கத்துக்கு எப்போதுமே இந்தப் பூனைகள் கண்ணில் விழுந்த தூசி. காரில் கால் தடம், செடித் தொட்டியில் அசிங்கம் என்று ஆள் மாற்றி ஆள் புகார். அந்த வருஷம் புதிதாக வந்த செயலாளர் பேசிக்கொண்டு நிற்காமல் பூச்சி மருந்து அடிக்கிறவரையே வரவழைத்துவிட்டார். அந்த மனிதர் வலையோடு இரண்டு தடவை வந்தார். பூனைகள் அவர் வேன் சத்தம் கேட்டதுமே மாயமாகிவிட்டன. இரண்டாம் தடவை இன்ஸ்பெக்டர் மட்டும் நின்று, முழங்கையில் நாலு கோடு போட்டு அனுப்பினான். தையல்காரியும் டீச்சரும் மாடிப்படியில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "நம்ம பசங்களை நம்மளத் தவிர ஒருத்தரும் பிடிக்க முடியாது டீச்சர்" என்றாள் இவள்.

அடுத்த மாதமே தையல்காரிக்கு வயிற்றுவலி. பித்தப்பையில் கல்; கீறித்தான் எடுக்க வேண்டும், ஆறு நாள் ஆஸ்பத்திரி என்றார்கள். அவளுக்குக் கவலை வயிற்றைப் பற்றி இல்லை. "நான் எதுக்கு இருக்கேன்? நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்று டீச்சர் கரண்டியையும் தட்டையும் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எந்தப் பூனை எந்தக் கூண்டில், எது முதலில், எது கடைசியில் என்று டீச்சருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சொந்த அக்காவிடம் பிள்ளையை விட்டுப் போகிற தைரியத்தோடு போனாள்.

ஆஸ்பத்திரிக்கு டீச்சர் ஒருநாள் தவறாமல் வந்தார். பிளாஸ்கில் சூடாக சூப், பையில் துவைத்த துண்டு. கட்டில் ஓரம் உட்கார்ந்து தலையை வருடிக்கொண்டே பூனைச் செய்தி வாசிப்பார். முதல் நாள், ஜிப் தன் கூண்டை விட்டு இன்ஸ்பெக்டர் தட்டில் வாய் வைத்து அடி வாங்கியது. மூன்றாம் நாள், காஜா ஒரு எலியைப் பிடித்து வாட்ச்மேன் செருப்புக்குள் பத்திரப்படுத்தியது, அவர் காலை விட்டுவிட்டு அலறியது. தையல்காரி தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போதும் டீச்சர், பிரிஞ்சுடும்!" ஐந்தாம் நாள், பின்னம் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கா, உன்னைத் தேடறா போல என்றார். என்னையா, உங்களைத்தானே அது தேடும் என்று கேட்டதற்கு, ரெண்டு பேரையும்தான் என்றார். அன்று ராத்திரி தையல்காரி நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டாள், எனக்கு ஒரு கூடப்பிறந்தவ இருக்கா, ஆனா வேற வயித்துல பொறந்துட்டா என்று.

வீட்டுக்கு வந்த அன்றே கேட்டில் டீச்சர் நின்று அழுதுகொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் ஒரு நாய்க்கூட்டம் உள்ளே புகுந்துவிட்டதாம். துரத்தித் துரத்திக் கடித்ததில் பூனைகள் சிதறிப்போயினவாம். கூண்டுப் பக்கம் போய்ப் பார்த்தால் ஐந்து பூனைதான் வந்தது. ஜிப் இல்லை, காஜா இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, பின்னம் இல்லை, மொத்தம் ஒன்பதைக் காணவில்லை. தையல்காரி முதலில் செய்தது என்ன தெரியுமா? டீச்சரின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க? நாய்கிட்ட கணக்குப் பாடமா நடத்த முடியும்? அழாதீங்க, நான் வந்துட்டேன்ல."

அதற்கப்புறம் எட்டு நாள் இருவரும் தேடினார்கள். காரடியில் குனிந்து, சாக்கடை மூடியில் காது வைத்து, பக்கத்துத் தெருக்களில் தட்டைத் தட்டிக்கொண்டு. தையல் இழுக்கும்போதெல்லாம் தையல்காரி சுவரைப் பிடித்துக்கொள்வாள். டீச்சர் பின்னம், பின்னம் என்று கூப்பிட்டுக்கொண்டே கூட வந்தார். டீச்சருக்கு முட்டி வலி. பார்க்கச் சகிக்காமல் இவள்தான் ஒரு கடை வாசலில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் போனாள்.

ஒன்பதாம் நாள் கடை திறந்தாள். வந்து சேர்ந்த முதல் துணி, மார்பிலிருந்து கால் வரை ஒரே ஜிப் வைத்த ஒரு வேலை உடுப்பு. ஜிப் பல் உதிர்ந்துபோயிருந்தது. கொண்டு வந்தவர் முழங்கையில் ஆறிப்போன நாலு கோடு. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, நம்ம இன்ஸ்பெக்டர் எழுத்து. அவருக்கு அவளைத் தெரியாது. அவசரம், இங்கேயே நிற்கிறேன் என்றார். அவள் பழைய ஜிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"பூனை கீறுச்சா?" என்று சும்மா கேட்டாள்.

"ஆமாம்மா, ஒரு குடியிருப்புல. ரெண்டு தடவை போய் அசிங்கப்பட்டு வந்தேன். மூணாவது தடவை பாருங்க, அதிசயம்." அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "பன்னெண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பூனைங்க தானா வரிசையா நடந்து வந்து கூண்டுக்குள்ள உக்காந்து நான் பாத்ததே இல்ல. வயசான அம்மா ஒருத்தங்க, கண்ணாடி போட்டவங்க, தட்டை ஒரு தட்டு தட்டுனாங்க. உள்ள போய்த் திங்க ஆரம்பிச்சதும் நாடாவை அவுத்துக் கதவை விட்டாங்க. மூணு கூண்டு, மூணு நடை, ஒம்போது பூனை. ஒரு சத்தம் இல்ல. என்னைக் கீறுன தடியன் கூட கல்யாணத்துக்கு வந்த மாதிரி போய் உக்காந்துட்டான். யாரு பழக்குனாங்களோ, கைராசிக்காரங்க!"

தையல் பிரிக்கிற கத்தி அவள் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் அவர் உடுப்பில் படாமல் கையை இழுத்துக்கொண்டாள், இருபது வருஷத் தொழில் அல்லவா.

"எந்தக் கிழமை?" என்றாள்.

அவர் யோசித்துச் சொன்னார். அவளுக்கு ஆபரேஷன் ஆனதற்கு மறுநாள். "அடிச்சுப் போட மாட்டேன்மா, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. பைபாஸ் தாண்டி மூடிக்கிடக்கற அட்டைப்பெட்டி ஆலை இருக்குல்ல, அங்க விட்டேன்" என்றார், நல்ல மனுஷர்.

புது ஜிப் வைத்துத் தைத்து, மேலும் கீழும் இழுத்துப் பார்த்துக் கொடுத்தாள். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்றாள். அப்புறம் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள்தானே காஜா எலியைப் பிடித்தது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே! காஜா அதற்கு முந்தின நாளே ஆலைக்குப் போயாயிற்று. வாட்ச்மேன் செருப்பு, அலறல், எல்லாம் டீச்சர் பஸ்ஸில் வரும்போது கட்டிய கதை. கூடவே இருந்து குழி பறிப்பது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். குழியைப் பறித்துவிட்டு, சூப்பும் கொண்டுவந்து ஊட்டுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கடையைப் பூட்டக்கூட இல்லை. நேரே மூன்றாவது கட்டடம், இரண்டாவது மாடி. டீச்சர் கதவைத் திறந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பின்னால் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாகப் போட்டோவில் மட்டும் காட்டிய பேத்தி.

"வா வா. பாரு, யாரு வந்திருக்கான்னு" என்றார் டீச்சர். முகமெல்லாம் பல்.

"பின்னம் எந்தக் கூண்டுல போச்சு டீச்சர்? ஒண்ணாவதா, மூணாவதா?"

டீச்சர் இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து மருமகள், "என்ன அத்தை?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, பாவாடை அளவு கேக்கறா" என்று குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். நின்ற நிலையில் இன்னொரு பொய்! வேலியே பயிரை மேய்ந்தது மட்டும் இல்லை, மேய்ந்துவிட்டு நாய் மேல் பழியும் போட்டது.

"குழந்தைக்கு எட்டு மாசம்மா" என்றார் டீச்சர், தணிந்த குரலில். "பொறந்ததுலேருந்து நான் அதைத் தொடல. அதுக்கு மூச்சு வாங்குது. அந்த ஒம்பதும் இந்தப் படிக்கட்டுலதான் படுக்கும், எங்க பாத்தாலும் பூனை முடி, அதுங்க இருக்கற வரைக்கும் வரமாட்டோம்னு பையன் சொல்லிட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று. "விட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பேன். அப்புறம் கூண்டை எடுத்துட்டுப் போய் என் கடைப் பக்கம் வெச்சு, மெல்ல மெல்ல அங்க பழக்கியிருப்பேன். நான் மனுஷி இல்லையா? பேத்தி வேணுமா பூனை வேணுமான்னா எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க ஆஸ்பத்திரியில உக்காந்து, என் தலையைத் தடவிக்கிட்டு..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எட்டு நாள் எங்கூட காரடியில குனிஞ்சு தேடுனீங்களே டீச்சர். முட்டி வலிக்குதுன்னு நான்தானே உங்களை உக்கார வெச்சேன்!"

"அந்த உடம்போட உனக்கு எதுக்கு அதிர்ச்சின்னுதான்..."

"அந்தக் கரிசனத்தை நீங்களே வெச்சுக்கோங்க."

இறங்கி வந்துவிட்டாள். டீச்சர் ஒருத்தரை நம்பினாள், உலகத்தில் வேறு யாரையும் அப்படி நம்பியதில்லை; கட்டின புருஷனைக்கூட இல்லை. வீட்டில் அவர் அப்போதுதான் சொன்னார், ஆஸ்பத்திரி நாட்களில் பூனை குறைவாக இருக்கிறதே என்று தானும் கேட்டதாக, ஊசி போட க்ளினிக்குக்குப் போயிருக்கு என்று டீச்சர் சொன்னதாக. "டீச்சராச்சேன்னு நம்பிட்டேன்" என்றார். அவரைத் திட்ட வாயெடுத்தாள். யோக்கியதை இல்லை என்று மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஆலைக்குப் போனாள். பஸ்ஸில் முக்கால் மணி, அப்புறம் கூண்டைத் தூக்கிக்கொண்டு மண் பாதையில் நடை. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். நாலாவது நாள் சாலையோரத்தில் காஜாவைப் பார்த்தாள். லாரி அடித்து இரண்டு மூன்று நாளாகியிருக்கும். நேராக வெட்டிய இடது காது, வயிற்றோரத்து வெள்ளைப் புள்ளி. வந்த வழியே வீட்டைப் பார்த்து நடந்திருக்கிறது, பாவி. அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். போகிற வண்டியெல்லாம் மெதுவாகிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அன்றைக்கே இன்ஸ்பெக்டர் கிடைத்தான். உடைந்த சுவருக்கு அப்பால் தட்டைத் தட்டியதும் ஓடி வந்தான். ஒரு பக்கம் கண் வீங்கியிருந்தது. அவள் கூண்டை வைத்துக் கதவைத் தூக்கியதுதான் தாமதம், நேராக உள்ளே போய் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சல்தான் வந்தது. "அட மடப்பயலே! இதே கூண்டுலதானடா உன்னைக் கொண்டு வந்து தள்ளுனாங்க? ஓடேண்டா! என்னையாவது ஒரு கீறு கீறேண்டா!" என்று அவனைத் திட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டில் குனிந்தான். பயத்தை அதுகளிடமிருந்து பிடுங்கியது யார்? டீச்சர் கதவை மட்டும்தான் விட்டார். மற்றதெல்லாம் இவள் பழக்கியது, ஆறு வருஷம், காலையும் மாலையும், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் ஐந்து கிடைத்தது. கடைக்குப் பக்கத்து அச்சகக்காரர், காகிதத்தை எலி தின்கிறது என்று தன் கிடங்கில் இடம் கொடுத்தார். புது இடம் பழகும் வரை அடைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். குடியிருப்பில் மிஞ்சிய ஐந்தையும் அங்கேயே கொண்டு வந்தாள். இரண்டு பூனையின் தடயமே இல்லை. பாக்கி பின்னம்.

பின்னம் இருந்தாள். ஆலையின் மேல் சுவரில், எட்டாத உயரத்தில், தினமும் தெரிவாள். இடுப்பெலும்பு தெரிந்தது. தட்டைத் தட்டினால் காதை மட்டும் திருப்புவாள், இறங்க மாட்டாள். மீன் வேகவைத்துக் கொண்டுபோனாள், கெஞ்சினாள், கண்டதையும் சொல்லிக் கொஞ்சினாள். பதினோரு நாள். அவளுக்குத் தெரியும் அந்தப் பூனைக்கு யார் குரல் வேண்டும் என்று. தெரிந்தும் பதினோரு நாள் வீம்பு பிடித்தாள். பன்னிரண்டாம் நாள் பின்னம் சுவரில் நடக்கும்போது ஒரு பின்னங்கால் தடுமாறியது. அன்று சாயங்காலம் மூன்றாவது கட்டடத்துப் படி ஏறினாள்.

"பின்னம் உயிரோட இருக்கா. என் குரலுக்கு வர மாட்டேங்கறா. காலையில ஏழு மணிக்குக் கார் சொல்லியிருக்கேன்" என்றாள், வாசலிலேயே நின்று. டீச்சர் பேச வாயெடுப்பதற்குள் இறங்கிவிட்டாள்.

ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே டீச்சர் கீழே நின்றார். ஆலைச் சுவருக்குக் கீழே நின்று டீச்சர் கூப்பிட்டார், "பின்னம்மா! வாடி தங்கம்!" குரல் பாதியில் உடைந்தது. சுவரின் மேலே பாதி கறுப்பு, பாதி வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது. அப்புறம் அந்த நொண்டிக் காலோடு இறங்கி, புதருக்குள் விழுந்து, எழுந்து, கத்திக்கொண்டே ஓடி வந்து டீச்சர் காலில் முட்டியது. முட்டி முட்டிச் சுற்றியது. தொண்டைக்குள் கரகரவென்று சத்தம் நிற்கவே இல்லை. டீச்சர் மண்ணில் உட்கார்ந்து அழுதார். தையல்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். இதையும் ஒரு பூனை மன்னிக்குமா என்று ஆத்திரமாக வந்தது. மன்னிப்பு என்ன மன்னிப்பு, அதற்கு எதுவும் தெரியாது. நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

"கூண்டுக்குள்ள விடுங்க" என்றாள். "கதவையும் நீங்களே விடுங்க."

டீச்சர் விட்டார். கதவு விழுந்த சத்தத்துக்கு டீச்சர் தோள்தான் தூக்கிப்போட்டது. பூனை தின்றுகொண்டிருந்தது.

திரும்பும்போது பின் சீட்டில் கூண்டு நடுவில், ஆளுக்கொரு பக்கம் இருவரும். வெளிச்சம் பட்டால் மிரளும் என்று கூண்டின் மேல் துணி போர்த்தியிருந்தது. பைபாஸ் ஏறியதும் தையல்காரி கேட்டாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"ஆஸ்பத்திரியில சொன்னீங்களே, அதுல ஒண்ணாவது நிஜமா?"

டீச்சர் துணியின் ஓரத்தை நீவிவிட்டார். "முதல் நாள் சொன்னது நிஜம்மா. ஜிப் அடி வாங்குனது."

தையல்காரி தலையாட்டினாள். நடந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஆறு வருஷத்தை அப்படியே தூக்கிப் போட அவளுக்கு மனசில்லை. இந்த மனுஷியைத் தவிர அவளுக்கு இந்த வேலையில் யார் இருக்கிறார்கள்? திட்டித் தீர்த்துவிட்டு, என்றைக்காவது ஒருநாள், பழையபடி மாடிப்படியில் உட்கார முடியுமா என்றுகூட யோசித்தாள். முடியும் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது.

டீச்சர் தன் பக்கத்துத் துணியைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தார். "நல்லாத் தூங்கறா. மூச்சு சீரா இருக்கு. நீ கவலைப்படாத" என்றார், அன்பாக.

தையல்காரி தன் பக்கத்துத் துணியைத் தூக்கி, குனிந்து, தானும் பார்த்தாள். பூனை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.